சம்ப் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு உருண்டை கிளே

இன்னைக்கு மருத்துவம் இல்லீங்க, கார். அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையில தயாரான வண்டி. இதே ஹெரால்டு சேஸியைக் குறுக்கித்தான் 1962ல ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே வந்துச்சு. கம்பெனி இப்ப இல்லை. இஞ்சின் போனா போனதுதான்.

வெளிமார்க்கெட் ஆயில் சம்ப் வாங்கினா அப்படியே மாட்டிடாதீங்க. ஆயில் உறிஞ்சுற சல்லடைக்கு நேர் கீழே, பசங்க விளையாடுற கிளே உருண்டை வைங்க. கேஸ்கெட்டோட சம்பை முடுக்கிட்டு, கழட்டி, நசுங்கின கனத்தை அளங்க. பொதுவா 6 முதல் 10 மி.மீ. இருக்கணும். குறைஞ்சா உறிஞ்ச இடமில்லை. கூடினா, கணியம்பாடி தாண்டி அமிர்தி பக்கம் ஏத்தத்துல வளையும்போது ஆயில் ஒதுங்கி, பம்ப் காத்தை இழுக்கும். பிரஷர் விழும், பேரிங் போயிடும்.

அளந்ததும் கிளேயை மொத்தமா எடுத்துடுங்க. தையல் போடுறதுக்கு முன்னாடி தியேட்டர்ல பஞ்சு எண்ணுவோமே, அந்த மாதிரி.