மகளுக்கு மனை வழங்கும் மருதமுனை

மட்டக்களப்பிலிருந்து கடலோரச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், கல்முனையை அடையுமுன் மருதமுனையைக் காண்பர். அதன் வடபால் கவிஞர் நீலாவணனை ஈன்ற பெரியநீலாவணை. தென்பால் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற பாண்டிருப்பு. இவ்விரு தமிழூர்களுக்கும் இடையே முஸ்லிம் மக்கள் நெருங்கி வாழும் மருதமுனை, கைத்தறிக்கும் கல்விக்கும் புகழ்பெற்றது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் பிறந்த மண்ணும் இதுவே.

நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் அங்குச் சென்றபோது, ஒழுங்கையில் முதலில் நம் செவியில் விழுந்தது தறியோசையே. வீட்டுத் திண்ணையை அடுத்து முதிய மாது ஒருவர் சாரம் நெய்துகொண்டிருந்தார். தறி எத்தனை காலத்தது என வினவினோம்.

"தறியும் வீடும் புதியவை, தம்பி. பழையவற்றைக் கடல் கொண்டுபோயிற்று. காணி மட்டும் என் உம்மா தந்தது. அதில் மீண்டும் கட்டி, மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார்.

இச்சொற்களில் அவ்வட்டாரத்தின் வாழ்க்கை முறை முழுதும் அடங்கியுள்ளது. அங்கு மகளுக்கு வீடு அமைத்துக் கொடுத்தே மணம் முடிப்பர். மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவராவர். ஒரே குடிக்குள் மணம் செய்யாமை பண்டை மரபு. பள்ளிவாசலில் குடிகளின் சார்பாக மரைக்காயர் பொறுப்பேற்பர். அயலிலுள்ள தமிழரிடத்தும் தாய்வழிக் குடிகளே உள. அவர்தம் கோயில்களில் அப்பொறுப்பு வண்ணக்கருக்கு உரியது. சமயம் வேறாயினும் குடும்ப அமைப்பு ஒன்றாயிருத்தல் நம் சிந்தனைக்குரியது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைப் பாழாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் நிவாரண வீடுகள் எழுந்தன. ஆனால் குடும்பத் தலைவன் ஆணே என்னும் பொதுக் கருத்தினால், பல இடங்களில் அவை கணவன் பெயரில் பதியப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த மனை, கணவனின் உடைமையாக மாறலாயிற்று. உதவியோர் நல்லெண்ணம் உடையவரே. எனினும் அம்மக்களின் வழக்கத்தை முன்னரே கேட்டறிந்திருப்பின், கடல் விட்டுவைத்த உரிமையைக் காகிதம் கொண்டுபோயிராது.

நாம் விடைபெறும் வேளையில், அம்மாதின் பேர்த்தி புத்தகப் பையுடன் பள்ளியிலிருந்து திரும்பினாள். "இவள் தறியில் அமர்வாளா?" என்று கேட்டோம்.

"படிக்கட்டும், தம்பி. தறியில் இருப்பதும் இல்லாததும் அவள் விருப்பம். வீடு அவளுக்கு உண்டு" என்றார் மூதாட்டி.

எங்குச் சென்று எத்தொழில் புரியினும், திரும்பி வருதற்குத் தனக்கென ஒரு வீடு உண்டு என்னும் உறுதி அச்சிறுமிக்கு இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுள் எத்தனை பேருக்கு அவ்வுறுதி உண்டு என்று எண்ணியவாறே நாம் கல்முனைப் பேருந்தில் ஏறினோம்.