எங்கிருந்து தொலைவு?

பாலமுனையைச் சேர்ந்த ஒருவரிடம் கொழும்பிலோ பேராதனையிலோ ஊர் எதுவென்று கேட்டால், எடுத்த எடுப்பில் அவர் தம் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "கல்முனைப் பக்கம்" என்பார். கேட்டவர் கிழக்கிலங்கையைச் சற்று அறிந்தவராயின், "அக்கரைப்பற்றுக்குக் கிட்ட" என்பார். மேலும் வினவினாற்றான் பாலமுனை என்ற பெயர் வெளிவரும். அப்போதும் இடர் தீர்வதில்லை. காத்தான்குடிக்கு அருகே இன்னொரு பாலமுனை இருப்பதால், "அதுவல்ல, இது அம்பாறை மாவட்டம்" என்று திருத்தவேண்டி நேரும். தம் ஊரைப் பிறவூர்களின் பெயரால் அறிமுகஞ் செய்யும் இப்பழக்கத்தைக் கூச்சமென்று கொள்வோர் உளர். உண்மையில் அது கேட்பவரின் அறியாமையை அளந்து பேசும் நாகரிகமே.

வடக்கே ஒலுவில், தெற்கே அட்டாளைச்சேனை, கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. கல்முனையிலிருந்து பொத்துவில் செல்லும் பஸ்வண்டி சில நிமிடங்களில் இவ்வூரைக் கடந்துவிடும். புகையிரதப் பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. தலைநகரிலிருந்து இரவெல்லாம் பயணஞ் செய்து விடியலில் வந்திறங்கும் புதியவர், தீவின் விளிம்புக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார். சுபஹுத் தொழுகை முடிந்து கடற்கரைக்கும் வயலுக்குமாகப் பிரிந்து செல்லும் ஊராருக்கு அவ்வெண்ணம் தோன்றக் காரணமில்லை. ஒரே குடும்பத்தில் மூத்தவர் கரைவலை இழுக்க, இளையவர் வட்டையில் வேளாண்மை பார்ப்பார். மீனும் நெல்லும் கைக்கெட்டும் இடத்தில் உள்ள ஊர் தன்னை விளிம்பென்று கருதுமா?

விளிம்பாக்கியவை வெளியே எடுக்கப்பட்ட முடிவுகளே. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்றது. பட்டிப்பளை ஆறு என்று கரையோரத்தார் அழைத்த ஆறு இங்கினியாகலையில் அணையால் மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரமாயிற்று. மேற்கே புதிய குடியேற்றங்கள் எழுந்தன. நீர் எப்போது திறக்கப்படும் என்பதை அறிய, ஆறு கடலோடு கலக்கும் பக்கத்தில் உள்ளோர் மேற்கே நோக்கிக் காத்திருக்கலாயினர். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமானது. அன்று முதல் கச்சேரிக் கருமங்களுக்குப் பாலமுனையார் வடக்கே காரைதீவுச் சந்திவரை சென்று, மேற்கே திரும்பிச் சம்மாந்துறை வழியாக அம்பாறை நகருக்குப் போவது வழக்கமாயிற்று. கிலோமீற்றர்க் கணக்கில் அது பெருந்தூரமன்று. மொழிக் கணக்கில் கொழும்புக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. தமிழில் கருமமாற்றக்கூடிய கரையோர மாவட்டம் ஒன்று வேண்டுமென்ற கோரிக்கை இவ்வனுபவத்திலிருந்தே பிறந்தது.

தொலைவு குறைந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. போர்ச்சூழலில் இப்பகுதி மாணவரின் உயர்கல்வி தடைப்பட்டிருந்த வேளை, 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. அதன் வளாகம் அயலூரான ஒலுவிலில் அமைந்தது. தூரத்தைக் காட்டி மறிக்கப்பட்ட பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே பட்டப்படிப்புக்குச் சென்றனர். வெளிமாவட்ட மாணவர் இப்பக்கம் வந்து தங்கினர், "ஒலுவில் எங்கே?" என்று கேட்பார் தொகை அருகிற்று. ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னே சூடி எழுதிய கவிஞர் பாலமுனை பாறூக் போன்றோர் தனித்து நின்று செய்த பணியை ஒரு நிறுவனம் பெருமளவிற் செய்தது எனலாம்.

அதே ஒலுவிலுக்கு வந்த துறைமுகத்தின் கதை வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டக் கரையோரமே. அக்காயம் ஆறுமுன்னரே 2008 இல் துறைமுக வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறப்புவிழாக் கண்டது. இக்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாது நகர்த்திச் செல்கின்றன. கடலுக்குள் ஓடும் மணலாறு என்றே அதனைக் கொள்ளலாம். துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்சுவர் அவ்வாற்றை மறித்தது. பாலமுனையை நோக்கிய தென்புறத்தில் மணல் குவிந்தது. வடபுறத்திலோ, போன மணலுக்கு ஈடாக வரவேண்டிய மணல் வராமையால் கடல் நிலத்தை அரித்தது; ஒலுவில் மக்களின் தென்னந்தோட்டங்கள் வேரோடு சரிந்தன. துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. சரக்குக் கப்பல்களை எதிர்பார்த்துக் கட்டிய இடத்தில் மீன்பிடிப் படகுகளே வெளியேற வழியின்றித் தவித்தன. 2018 இல், மணலைத் தோண்டுக என்று மீனவர் கோர, முதலில் எமது நிலத்தைக் காத்துத் தாருங்கள் என்று ஒலுவிலார் மறித்தனர். இரு தரப்பும் உழைத்துண்ணும் மக்களே. அவர்களை எதிரெதிரே நிறுத்தியது எங்கோ வரைந்த ஒரு வரைபடம்.

இம்மோதலைப் பாலமுனை அயலூரார் வழக்கென்று விட்டுவிட இயலாது. இப்பகுதி முஸ்லிம்களிடையே குடிவழி தாயாலேயே தொடரும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே ஒலுவிலிற் பிறந்து பாலமுனையில் மாப்பிள்ளையாக வாழும் ஆடவர் இருக்கவே செய்வர். மாலை வேளையில் அத்தகைய ஒருவர், மதினியின் பிள்ளைகள் பந்தடிக்கும் புதுமணற் பரப்பில் வந்து அமர்கிறார். வடக்கே கற்சுவர் தெரிகிறது. அதற்கப்பால் அவருடைய உம்மாவின் தோப்பு இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய மணல் அவர் காலடியில் கிடக்கிறது. "மச்சான், கடற்கரை நல்லாப் பெருத்திருக்கு" என்கிறார் அருகிலிருப்பவர். அவர் ஆமென்று தலையசைத்துவிட்டு, சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு மஃரிபுக்கு எழுந்து செல்கிறார்.