பாறை அல்ல, உயிர்

எங்கள் வீட்டில் செயிண்ட் ஜான்ஸ் தீவு என்றால், கப்பலில் வந்த தாத்தாவைத் தொற்றுநோய்க்குப் பயந்து தங்கவைத்த இடம். 1874 முதல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது. இன்று அதே தீவில் தேசியக் கடல்சார் ஆய்வுக்கூடம் நடக்கிறது. நம் கடலில் அருகிவிட்ட ராட்சதச் சிப்பிகளைத் தொட்டிகளில் வளர்த்து ஆராய்கிறார்கள்.

நில மீட்பில் சிங்கப்பூரின் பவளத்திட்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன. 100,000 பவளங்களை வளர்த்து நடும் திட்டம் 2024 டிசம்பரில் தொடங்கியது; முடிய பத்தாண்டுக்கு மேலாகும். வானொலியில் ‘பவளப்பாறை’ என்று சொன்னால் நேயர்கள் கல்லைத்தான் நினைக்கிறார்கள். அது உயிர். சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது.

தொட்டிக்குப் பணம் கிடைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பார்த்து, எண்ணி, குறித்துவைக்க ஆள் கிடைப்பதுதான் கடினம் என்று எனக்குப் படுகிறது. தேசியப் பூங்காக் கழகம் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி தந்து, கரையோர உயிரினங்களைக் கணக்கெடுக்க வைக்கிறது. அறிவியல் பட்டம் வேண்டாம். கடல் வற்றும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டின் பாதி மாதங்களில் அது விடிவதற்கு முன்பே!

என் நிகழ்ச்சி காலை ஆறு மணிக்கு. நேரத்தை மாற்றித்தரும்படி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன்.