அண்ணியார் இட்ட அன்னம்

வள்ளலார் இராமலிங்க சுவாமிகளின் பிறந்த நாளாகிய அக்டோபர் 5, தமிழக அரசால் ‘தனிப்பெருங்கருணை நாள்’ என்று கொண்டாடப்படுகிறது. நாடே போற்றும் அப்பிறந்த நாளுக்குரியவர், தம் இல்லத்தில் ஐந்து பிள்ளைகளுள் கடைக்குட்டியாக வளர்ந்தவர். அவரை வளர்த்தோர் பட்ட கவலையையும் பின்னர் அடைந்த மகிழ்ச்சியையும் எண்ணிப் பார்த்தல் இன்றைய பெற்றோர்க்கு நலம் பயக்கும்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் 1823ஆம் ஆண்டு, சுபானு வருடம் புரட்டாசித் திங்களில் அக்குழந்தை பிறந்தது. ஓராண்டு நிறைவதற்குள் தந்தையார் மறைந்தார். சின்னம்மையார் பிள்ளைகளுடன் பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்தில் உள்ள தம் பிறந்தகத்திற்கு வந்து, பின்னர்ச் சென்னையில் குடியேறினார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் அமைந்த அவ்வீட்டில், மூத்த மகனாகிய சபாபதியே தம்பிக்குத் தந்தையானார்; அவர் மனைவி பாப்பாத்தியம்மாள் தாய்போல் அன்னம் இட்டார்.

சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பம் தாங்கியவர். கல்வியே தம்பிக்குத் தாம் விட்டுச்செல்லக்கூடிய செல்வம் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. தாமே கற்பித்தார், பின்னர்த் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பிள்ளையோ பாடம் கேட்பதை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் பாடிக்கொண்டு நின்றான். அப்பாடலைக் கேட்ட ஆசிரியர், இப்பிள்ளைக்குத் தாம் கற்பிக்க ஒன்றுமில்லை என்று உணர்ந்து விலகினார் என்பர். தமையனாருக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. தம்பியின் எதிர்காலம் குறித்த அச்சமே மிகுந்தது. திருந்தும்வரை வீட்டில் சோறு இடலாகாது என்று மனைவிக்குக் கட்டளையிட்டார்.

அண்ணியார் கணவர் சொல்லை எதிர்த்து வாதிடவில்லை. பிள்ளையைப் பட்டினி போடவும் இல்லை. கணவர் இல்லாத வேளையில் புறக்கடை வழியே அழைத்து அன்னம் இட்டார். தந்தையாரின் திதி நாளில் உற்றாரெல்லாம் உண்டு சென்ற பின், இவ்வீட்டுப் பிள்ளை மறைந்துவந்து உண்ணும் நிலையைக் கண்டு கண்ணீர் சிந்தினார். வீட்டிலேயே தங்கிப் படித்தால் ஆகாதா என்று இரந்து கேட்டார். தமையனாரின் சினத்திற்கு இணங்காத பிள்ளை அக்கண்ணீருக்கு இணங்கினான். மாடியில் ஓர் அறை கேட்டான். அங்கே கண்ணாடி ஒன்றை வைத்து விளக்கேற்றித் தியானத்தில் அமர்ந்தான். அக்கண்ணாடியில் தணிகை முருகன் காட்சியளித்ததாக வரலாறு கூறும்.

ஒருநாள் சபாபதி நோயுற்றார். ஒப்புக்கொண்ட சொற்பொழிவிற்குச் செல்ல இயலாமையால், சில பாடல்களைப் படித்துவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார். அப்போது அவனுக்கு வயது ஒன்பது என்பர். பெரியபுராணத்தின் முதற்பாட்டுக்கே நள்ளிரவு வரை பொருள் விரித்துரைத்தான் அப்பிள்ளை. கேட்டோர் அவனே தொடர்ந்து உரைக்க வேண்டும் என்றனர். செய்தி அறிந்த தமையனார் மறுநாள் யாரும் அறியாவண்ணம் மறைந்திருந்து கேட்டார். திருத்த வேண்டியவன் என்று தாம் எண்ணிய பிள்ளை எத்தகையவன் என்பதை அன்றே கண்டுகொண்டார்.

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு வழிபாட்டின் பொருட்டு இராமலிங்கர் இடையறாது சென்று வந்தார். வடிவுடையம்மன் மீது அவர் பாடிய மாலை 101 பாடல்களை உடையது. ஓரிரவு நேரங்கழித்துத் திரும்பியவர், உறங்குவோரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்தார். அப்போது அன்னை வடிவுடையாள் அண்ணியார் வடிவில் வந்து அமுதூட்டினாள். பின்னர் உண்மையான அண்ணியார் கதவைத் திறந்து உண்ண அழைத்தபோதே வந்தவள் யார் என்பது விளங்கிற்று என்று அன்பர்கள் உருகிக் கூறுவர். பிள்ளையின் பசியாற்ற வந்த அம்பிகை, கையில் வேலுடனோ சூலத்துடனோ வராமல், அண்ணியாரின் உருவையே மேற்கொண்டாள். அன்றாடம் சோறிட்ட அப்பெண்ணுக்கு இதனினும் உயர்ந்த சிறப்பு ஏது?

1867ஆம் ஆண்டு வைகாசியில் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருவோர் எவராயினும் அங்கே உண்கின்றனர். பசித்தவனிடம் தகுதி கேளாது சோறிடும் அறத்தை அவர் முதன்முதல் கண்ட இடம் ஏழுகிணற்று வீட்டின் புறக்கடையே என்று எண்ணத் தோன்றுகிறது.

ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இன்று எத்தனையோ பெற்றோர் கடைக்குட்டியின் பிறந்த நாளன்று வடிவுடையம்மன் சந்நிதிக்கு வருகின்றனர். மூத்தவனைப் போல் இவனும் படிக்க வேண்டும், அக்காளைப் போல் இவளும் அடங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வோர் அவர்களுள் உண்டு. அக்கவலையில் அன்பு இருக்கிறது. சபாபதியின் சினத்திலும் அது இருந்தது. ஆயினும் அர்ச்சனைக்குக் கேட்கப்படுவது அக்குழந்தையின் பெயரும் அதன் நட்சத்திரமும் மட்டுமே. தனக்கென்று ஒரு பெயரோடும் தனக்கென்று ஓர் இயல்போடும் இறைவன் அளித்த பிள்ளை அது. அவ்வியல்பு இன்னதென்று விளங்கச் சில ஆண்டுகள் செல்லலாம். அதுகாறும் சோற்றையும் அன்பையும் நிறுத்தாதிருப்பதே பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கத்தக்க பிறந்த நாள் பரிசு.