படித்துறையில் ஒரு கட்டுச்சோறு நாள்

டூர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்பவர்கள்தான் அதிகம். காவிரிக் கரைக் குடும்பங்களில் கேட்டுப் பார்த்தால் வேறு பதில் வரும். வருஷத்தில் ஒரு நாள், ஆடி பதினெட்டு. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத படித்துறைக்கு மூட்டை முடிச்சோடு போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. டிக்கெட் கிடையாது, ரூம் போட வேண்டாம். ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு மலை ரயிலை மறந்தாலும் இந்தப் படித்துறையை மறப்பதில்லை.

தென்மேற்குப் பருவமழை குடகில் கொட்ட, ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நேரம் இது. அதனால்தான் ஆடிப்பெருக்கு என்று பெயர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே இந்த நாளில்தான், வீராணம் ஏரிக்கரையில். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு பெருக்கு என்பது மழையை மட்டும் நம்பி இல்லை, மதகையும் நம்பி இருக்கிறது! வழக்கப்படி ஜூன் 12-ல் அணை திறந்துவிட்டால் ஆடியில் ஆறு நிறைந்து ஓடும். 2012-ல் செப்டம்பர் 17-லும், 2017-ல் அக்டோபர் 2-லும்தான் திறந்தார்கள். அந்த மாதிரி வருஷங்களில் படித்துறையில் ஷவர் வைத்து போர் தண்ணீரில் குளித்தவர்களும் உண்டு.

திருவானைக்காவலில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பாட்டிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஆற்றைப் படிகளால் நினைவு வைத்திருப்பவர். "பெரியவன் பொறந்த வருஷம் அஞ்சு படிதான் வெளியே தெரிஞ்சுது", "சின்னவ கல்யாணத்தப்ப மணல்லதான் நடந்தோம்", இப்படித்தான் பேசுவார். வீட்டு ஆல்பத்தில் ஆடிப்பெருக்குப் படம் இரண்டே இரண்டுதான், அதிலும் ஒன்று வெளிச்சம் விழுந்து பாழானது. பாட்டியின் படிக் கணக்கு இருக்கும்போது ஆல்பம் எதற்கு?

முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் வேலை ஆரம்பித்துவிடும். நல்லெண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும் வரைக்கும் பாட்டி அடுப்பை விட்டு நகர மாட்டார். விடிந்ததும் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தனித்தனித் தூக்கில். வடாம் மட்டும் நமுத்துப் போகாமல் இருக்க மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டப்பாவில். பையன்கள் சின்னச் சப்பரம் கட்டி உள்ளே சாமி படம் ஒட்டித் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு வருவார்கள். பாதி வழியில் சக்கரம் கழன்று, அதை அப்பா தலையில் சுமந்து வருவதும் வருஷா வருஷம் நடப்பதுதான்.

கரையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, பழம், காதோலை கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எடுத்து வைத்த மாலையை ஆற்றில் விடுவார்கள். அப்புறம் மஞ்சள் கயிறு. வயதில் மூத்த சுமங்கலி ஒருவர் மற்றவர்களுக்குக் கட்டிவிடுவது வழக்கம். அந்த வீட்டில் அது பாட்டியின் வேலையாகத்தான் இருந்தது, 2009-ல் தாத்தா இறக்கும் வரை.

அடுத்த ஆடியிலிருந்து கயிறு கட்டுகிற நேரத்தில் பாட்டி மேல்படிக்குப் போய்விடுவார். பையைப் பார்த்துக்கொள்கிறேன், செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதாவது ஒரு காரணம். யாரும் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. இருந்த சோறெல்லாம் அவர் சமைத்தது. எட்டு வருஷம் இப்படியே போனது.

2018-ல் ஜூலை 19-ல் அணையைத் திறந்தார்கள், 23-ல் 120 அடியும் நிரம்பிவிட்டது. காய்ந்து கிடந்த ஆற்றைப் பார்த்துச் சலித்த ஊருக்கு அந்த ஆடி திருவிழாதான். அன்று சின்ன மருமகள் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மேல்படிக்கு ஏறிவிட்டாள்.

"அத்தை, நீங்களே கட்டிவிடுங்க."

"என் கையால வேணாம்மா. அவகிட்ட போ."

"நீங்க கட்டுனாத்தான் கட்டிக்குவேன்."

பக்கத்துக் குடும்பத்தில் ஒரு அம்மா திரும்பி ஒரு மாதிரி பார்த்தார். பாட்டி கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கட்டினார். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டி வந்தது. பெரிய மருமகளும் வந்து உட்கார்ந்தாள். அடுத்து பேத்திகள் கையை நீட்டினார்கள். சாஸ்திரம் பேச வேண்டியவர்கள் பேசட்டும், படியில் அன்று வரிசை நின்றது.

சாப்பாட்டைத் திறந்தவுடன் காற்று வந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது தையல் இலை எம்மாத்திரம்! ஆளுக்கொரு முழங்காலால் இலையை அழுத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். சாயங்காலம் முக்கொம்புக்குப் போய் மதகு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆகஸ்ட் 22-ல் அங்கே கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துப் போயின. "எங்க போட்டோவுல இருக்கிற மதகு இப்ப இல்ல" என்று அந்த வீட்டுப் பையன்கள் இன்னும் பீற்றிக்கொள்கிறார்கள்.

2020 ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, முழு ஊரடங்கு. மொட்டை மாடியில் ஒரு பித்தளைக் குடத்தைக் காவிரியாக்கி, கட்டுச்சோற்றை அங்கேயே பிரித்தார்கள். சப்பரம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடியது.

2024-ல் வெள்ளம். ஜூலை 30-ல் மேட்டூர் நிரம்பி, வந்த தண்ணீர் அப்படியே கீழே இறங்க, பல இடங்களில் ஆற்றில் இறங்கத் தடை போட்டுவிட்டார்கள். அவர்கள் போன படித்துறையில் கயிறு கட்டி போலீஸ் நின்றது. பாட்டிக்கு மூட்டு வலி, ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. பேரனை மட்டும் அனுப்பினார், கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லி.

"மூணு படி தெரியுது பாட்டி."

"நல்லா எண்ணினியா?"

அவன் திரும்பவும் ஓடினான்.