டிராகனா, புலியா?

பொருளாதாரச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு விலங்குகளால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. பங்குச்சந்தைக்குப் போனால் காளையும் கரடியும். வேகமாக வளர்ந்த நாடுகளைப் பற்றி எழுத வந்தால் டிராகனும் புலியும். காளையும் கரடியும் எந்த மொழிக்குப் போனாலும் பெரிதாகக் குழப்புவதில்லை. டிராகனும் புலியும் அப்படியல்ல. கவனம் பிசகினால் அவை நாடுகளையே மாற்றிவிடும்.

1960களிலிருந்து 1990கள் வரை அதிவேக வளர்ச்சி கண்ட ஹொங்கொங், சிங்கப்பூர், தென்கொரியா, தாய்வான் ஆகிய நான்கையும் சீன மொழியில் 'ஆசியாவின் நான்கு சிறிய டிராகன்கள்' என்று அழைப்பர். 'சியாவ் லோங்' என்றால் சிறிய டிராகன். நடிகர் புரூஸ் லீயின் சீனத் திரைப்பெயரிலும் இதே சொற்கள்தான் இருக்கின்றன. அமெரிக்க அறிஞர் எஸ்ரா வோகல் 1991இல் இந்நாடுகளின் தொழில்மயமாக்கம் பற்றி எழுதிய நூலுக்கு 'நான்கு சிறிய டிராகன்கள்' என்றே பெயரிட்டார். ஆனால், ஆங்கிலப் பத்திரிகை வழக்கில் நிலைத்தது 'நான்கு புலிகள்' என்ற பெயரே. கிழக்காசிய 'அற்புதம்' பற்றி உலக வங்கி 1993இல் வெளியிட்ட அறிக்கையிலும் அவை புலிகளே.

இது தவறான மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. சீனருக்கு டிராகன் மழையைத் தருவது, மன்னரின் சின்னம், மங்கலத்தின் வடிவம். ஐரோப்பியருக்கோ அது தீயை உமிழும் கொடிய பிராணி. புனித ஜோர்ஜ் அதைக் கொன்றே புகழ்பெற்றார். பழைய தமிழ் விவிலியத்தில் 'வலுசர்ப்பம்' என்று வருவதும் சாத்தானின் உருவமாகவே. புகழ்ச்சியாகச் சூட்டிய பெயர் வசையாக ஒலிக்காதிருக்கப் புலி உதவுகிறது. அதேவேளை, 'சிறிய' என்ற அடைமொழி வழியில் தொலைந்துபோகிறது. சீனர் தம் நாட்டையே டிராகனாகக் காண்பவர்கள். 'சிறிய' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் பெரிய டிராகன் நிற்கிறது. ஆங்கிலப் புலிக்குப் பின்னால் எதுவும் இல்லை.

உண்மையான பொறி வேறிடத்தில் இருக்கிறது. சீன மொழியில் 'ஆசியாவின் நான்கு சிறிய புலிகள்' என்றும் ஒரு வழக்கு உண்டு. அது தாய்லாந்து, மலேசியா, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளைக் குறிப்பது. இவற்றை ஆங்கிலத்தில் 'புலிக்குட்டிகள்' என்பர்.

1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயமான பாத் சரிந்தபோது தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். 'நான்கு சிறிய புலிகளும் அடிபட்டன' என்று ஒரு சீனக் கட்டுரை கூறுவதாக வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், வாசகர் சிங்கப்பூரும் தாய்வானும் வீழ்ந்தன என்று விளங்கிக்கொள்வார். தென்கொரியா சர்வதேச நாணய நிதியத்தை நாடவேண்டி வந்தது மெய். ஆனால், சிங்கப்பூரும் தாய்வானும் ஒப்பீட்டளவில் குறைந்த சேதத்துடன் தப்பிக்கொண்டவை. ஒவ்வொரு சொல்லும் சரி, செய்தி மட்டும் பிழை!

அப்படியானால் சீனப் புலியை எப்போதும் குட்டியாக்கிவிடலாமா? அதுவும் முடியாது. 1990களில் வளர்ந்த அயர்லாந்துக்கு ஆங்கிலத்தில் 'கெல்ட்டியப் புலி' என்று பெயர். சீனத்துக்குப் போனபோதும் அது புலியாகவே இருந்துவிட்டது.

தமிழுக்குக் கொண்டுவரும்போது எங்களுக்கு இன்னுமொரு சங்கடம். இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளில் 'புலிகள்' என்ற சொல் 2009 வரை ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாக ஒரேயோர் அர்த்தத்துடன்தான் அச்சேறியது. 'புலிகளின் வளர்ச்சி வீழ்ச்சி' என்று வர்த்தகப் பக்கத்தில் தலைப்பிட்டால் வாசகர் எதை எண்ணுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இளம் பத்திரிகையாளர்கள் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: அகராதியில் விலங்கின் பெயரைத் தேடுவதற்கு முன்னர், அது எந்த நாட்டைக் குறிக்கிறது என்று தேடுங்கள். முதல் பந்தியிலேயே நாடுகளின் பெயர்களை எழுதிவிடுங்கள். அதன் பிறகு டிராகன் வந்தாலென்ன, புலி வந்தாலென்ன, வாசகர் வழிதவறமாட்டார்.