சக்கரம் மேலே வர இடம் வேண்டும்

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தயம் பழகிய ஊர் என்பதால், சஸ்பென்ஷன் வேலையைப் பொறுமையாகச் செய்கிற பட்டறைகளை இங்கே பார்க்கலாம். அப்படியொன்றில் நான் நின்றிருந்தபோது ஓர் இளைஞர் தன் ஸ்விஃப்ட் காரைக் கொண்டுவந்தார்.

“டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருந்தாப் போதும்ண்ணா.”

“வண்டியில வழக்கமா எத்தன பேரு போவீங்க தம்பி?” என்று கேட்டார் மெக்கானிக். “எறக்கறது பெருசில்லீங்க. எறக்குன பொறகு சக்கரம் மேல வர எடம் இருக்கோணுமல்ல?”

ஷாக் அப்சார்பரின் தூசி உறையை விலக்கி, அதன் தண்டில் ஒரு கேபிள் டையை மாட்டினார். ஆட்களை நிறைய ஏற்றி, குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது டை மேலே தள்ளப்பட்டிருந்தது. அதற்கும், மேலே இடி தாங்கும் பம்ப் ரப்பருக்கும் இடையே மிஞ்சிய தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார். தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த மிச்சத்திலிருந்துதான் போகிறது.

இடம் குறைந்தால், அதே குலுக்கலைக் குறைந்த தூரத்துக்குள் தடுக்க ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும். கம்பியின் கனத்தை 10 சதவீதம் கூட்டினாலே விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் ஏறிவிடும். ஒரு சுற்றை வெட்டினாலும் விறைப்பு கூடும்தான். ஆனால் வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து விலகக்கூடும். கேஸ் வைத்துச் சூடுகாட்டி இறக்கினால் எஃகின் பதமே போய்விடும். இரண்டையும் இந்தப் பட்டறையில் செய்வதில்லை.

ஷாக்கின் வேலை வேறு. ஸ்பிரிங் சேர்த்துவைக்கும் ஆற்றலை எண்ணெய் வழியே வெப்பமாக்கிக் கரைப்பது அது. ஒரு புது ஷாக்கை என் கையில் கொடுத்தார். தண்டை உள்ளே அழுத்துவதைவிட வெளியே இழுப்பது கடினமாக இருந்தது. விறைத்த ஸ்பிரிங் வேகமாக எழும்புவதை அந்த எதிர்ப்புத்தான் அடக்குகிறது. பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங்கைப் போட்டால், வேகத்தடை தாண்டிய பின்னும் வண்டி துள்ளிக்கொண்டே போகும்.

தாழ்த்தினால் திருப்பத்தில் வண்டி சாயாது என்பதும் முழு உண்மையல்ல. ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். அளவுக்கு மீறி இறக்கினால் அதன் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்து, சாய்வைத் தடுக்கும் வடிவமைப்பு கெடும். சாலைக் கணக்கும் இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் பல அதையும் மிஞ்சும்.

இளைஞர் கடைசியில் 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தச் சம்மதித்தார். ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் ஒன்றாக மாட்டப்பட்டு, வீல் அலைன்மென்ட்டும் முடிந்தது. காரைத் தாழ்த்த விரும்புவோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்காமல், மிச்ச இடத்தை அளக்காமல் ஸ்பிரிங்கை எடுத்து நீட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.